சீன மின்சார கார்கள்: மலிவு விலைக்குப் பின்னால் இருப்பது என்ன?

கல்லூரியில் தொழில் பொருளியல் பாடம் நடத்திய ஆண்டுகளில், 'நுழைவுத் தடை' என்ற கருத்தை விளக்க நான் கார் தொழிலையே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். சோப்பு செய்யலாம், சட்டை தைக்கலாம். ஆனால், நூறாண்டு அனுபவமுள்ள ஜெர்மானிய, அமெரிக்க நிறுவனங்களையும், அவற்றுக்கு ஈடாக வளர்ந்துவிட்ட ஜப்பானிய நிறுவனங்களையும் ஒரு புதிய நாடு கார் சந்தையில் வெல்வது ஏறக்குறைய இயலாத செயல் என்பேன். என்ஜின், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நுட்பம், உதிரிபாக நிறுவனங்களின் வலைப்பின்னல், வாங்குவோரின் நம்பிக்கை ஆகிய மூன்று மதில்களையும் தாண்டுவதற்குப் பல தலைமுறைகள் ஆகும் என்பது என் பாடக்குறிப்பில் இருந்த வாசகம்.

அந்தக் குறிப்பு தவறாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டில் ஜப்பானை முந்திக்கொண்டு உலகிலேயே அதிக வாகனங்களை ஏற்றுமதி செய்யும் நாடானது சீனா. அந்த ஆண்டில் அது ஏற்றுமதி செய்தவை 49 லட்சம் வாகனங்கள். மறு ஆண்டில் 58 லட்சத்தைத் தாண்டின. இந்த ஏற்றுமதியில் பெட்ரோல் வாகனங்களே இன்னும் அதிகம் என்றாலும், உலகை அச்சுறுத்துவதும் ஈர்ப்பதும் அந்நாட்டின் மின்சார கார்களே.

கோவைப் பகுதியில் கார் என்ஜினுக்கான உதிரிபாகங்கள் செய்யும் சிறு ஆலை ஒன்றை நடத்திவரும் என் பழைய மாணவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். அறுபது பேர் வேலை செய்யும் ஆலை. பேச்சு சீன கார்களின் பக்கம் திரும்பியது. "சார், அவர்கள் அரசாங்கம் கொடுக்கும் மானியத்தில்தானே விற்கிறார்கள்? மானியம் நின்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் அல்லவா?" என்று கேட்டார். ஆம் என்றோ, இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை சொல்லிவிட என்னால் முடியவில்லை. அந்த விடையை ஒழுங்குபடுத்திச் சொல்லும் முயற்சியே இந்தக் கட்டுரை.

தோல்வியில் பிறந்த திட்டம்

சீனா மின்சார காரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம், பெட்ரோல் காரில் அது அடைந்த தோல்வி. 1980-களில் ஃபோக்ஸ்வேகன் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களைக் கூட்டு நிறுவனங்களாக அந்நாடு வரவேற்றது. வெளிநாட்டார் பாதிக்குமேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பது விதி. சந்தையைத் திறந்துவிட்டால் அதற்கு ஈடாகத் தொழில்நுட்பம் கைக்கு வரும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. 2009-இல் உலகின் மிகப் பெரிய கார் சந்தையாகச் சீனா வளர்ந்தது. ஆனால், அங்கு மதிப்புடன் விற்ற கார்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பெயர் தாங்கியவை. கூட்டாளிகளான அரசு நிறுவனங்கள் லாபப் பங்கைப் பெற்றுக்கொண்டு சோம்பி இருந்தன. என்ஜின் நுட்பம் வெளிநாட்டாரிடமே தங்கிவிட்டது.

இந்நிலையில்தான் வான் காங் என்ற பொறியாளரின் யோசனை முக்கியத்துவம் பெற்றது. ஜெர்மனியில் படித்து, ஆடி நிறுவனத்தில் ஏறத்தாழ பத்தாண்டுகள் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பியவர் அவர். பெட்ரோல் என்ஜினில் மற்றவர்களைத் துரத்திப் பிடிக்க முயல்வதைவிட, எல்லோரும் தொடக்கக் கோட்டில் நிற்கும் மின்வாகனத் துறையில் ஓடத் தொடங்குவதே மேல் என்பது அவரது வாதம். 2007-இல் அவர் அறிவியல், தொழில்நுட்பத் துறை அமைச்சரானார். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு அங்கு அமைச்சர் பதவி கிடைப்பது மிக அரிது.

வேறு இரண்டு காரணங்களும் இருந்தன. 1993 முதலே சீனா தன் தேவைக்கு எண்ணெயை இறக்குமதி செய்யவேண்டிய நிலையில் இருந்தது. கடல் வழியை எவரேனும் அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அதற்கு எப்போதும் உண்டு. மற்றொன்று, பெய்ஜிங் போன்ற நகரங்களை மூடிய நச்சுப்புகை. ஆக, தொழில் வளர்ச்சி, பாதுகாப்பு, மக்கள் நலம் ஆகிய மூன்றும் ஒரே திசையைச் சுட்டின.

மானியம் செய்ததும் செய்யாததும்

2009-இல் 'பத்து நகரங்கள், ஆயிரம் வாகனங்கள்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. நகரம் ஒன்றுக்கு ஆயிரம் மின்வாகனங்கள் என்பது நோக்கம். முதலில் பேருந்து, டாக்சி ஆகிய பொது வாகனங்கள். பிறகு தனியார் கார்கள். விலையில் ஒரு பகுதியை அரசே ஏற்றது. 2022 இறுதிவரை இந்த நேரடி மானியம் வெவ்வேறு அளவில் நீடித்தது. இது தவிர, கார் வாங்குவோர் செலுத்தவேண்டிய பத்து விழுக்காடு கொள்முதல் வரியிலிருந்து விலக்கு, மின்னேற்ற நிலையங்களுக்கு உதவி, ஆராய்ச்சி நிதி, அரசுக் கொள்முதல் எனப் பல வழிகளில் பணம் பாய்ந்தது. 2009 முதல் 2023 வரை இவ்வாறு செலவான தொகை ஏறத்தாழ 23,000 கோடி டாலர் என்பது அமெரிக்க ஆய்வு மையம் ஒன்றின் மதிப்பீடு.

இத்தனை பெரிய தொகை வீணாகாமல் இருக்குமா? வீணானது. பேருந்து தயாரிக்காமலேயே தயாரித்ததாகக் கணக்குக் காட்டி மானியம் பெற்ற நிறுவனங்களை 2016-இல் அந்நாட்டு நிதி அமைச்சகமே அம்பலப்படுத்தித் தண்டித்தது. மோசடித் தொகை 100 கோடி யுவானுக்கு மேல். தரமில்லாத வாகனங்கள் மானியத்துக்காகவே உருவாக்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளின் விற்பனை இலக்குகளும் எட்டப்படவில்லை.

இங்கேதான் சீன அரசின் செயல்பாட்டில் பொருளியல் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி உள்ளது. மோசடி வெளிப்பட்டதும் திட்டத்தைக் கைவிடவில்லை, விதிகளை மாற்றினார்கள். ஒருமுறை மின்னேற்றினால் ஓடும் தொலைவு, மின்கலத்தின் எடைக்கு அது தேக்கும் ஆற்றல் ஆகியவற்றை அளவுகோலாக்கி, ஆண்டுதோறும் அந்தக் கோட்டை உயர்த்தினார்கள். எட்டியவர்களுக்கு மட்டுமே மானியம். தொகையையும் படிப்படியாகக் குறைத்தார்கள். 2019-இல் பெரிய வெட்டு விழுந்தபோது விற்பனை அந்த ஆண்டில் சரிந்தது. ஆனால், அதன்பின் நடந்ததைப் பாருங்கள்: 2020-இல் 13.7 லட்சம், 2021-இல் 35 லட்சம், 2022-இல் 69 லட்சம். நேரடி மானியம் முற்றிலும் நின்ற பிறகு, 2023-இல் 95 லட்சம்; 2024-இல் 1 கோடியே 28 லட்சம். (முழு மின்சார கார்களுடன், மின்னேற்றிக் கொள்ளும் வசதியுள்ள கலப்பின கார்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.) மானியத்தை மட்டுமே நம்பிய தொழில், மானியம் நின்றபின் இப்படி வளர்ந்திருக்க முடியாது. வரிவிலக்கும், பழைய வாகனத்தைக் கொடுத்துப் புதியது வாங்குவோருக்கான உதவியும் தொடர்ந்தன என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணம் சாராத கொள்கைகளும் பெரும்பங்கு ஆற்றின. ஷாங்காயில் பெட்ரோல் காருக்கான பதிவெண் பலகை ஏலத்தில் விடப்படுகிறது. அதன் விலையே 90,000 யுவான் அளவுக்குப் போவதுண்டு. பெய்ஜிங்கில் குலுக்கல் முறை. பல ஆண்டுகள் காத்திருந்தும் எண் கிடைக்காதவர்கள் ஏராளம். மின்சார காருக்கோ இந்தத் தொல்லைகள் இல்லை, அல்லது மிகக் குறைவு. அடுத்து, ஒவ்வொரு கார் நிறுவனமும் குறிப்பிட்ட அளவு மின்வாகனங்களைத் தயாரித்தாக வேண்டும். தவறினால் பிற நிறுவனங்களிடமிருந்து 'மதிப்பெண்' விலைக்கு வாங்க வேண்டும் என்ற விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது.

பாதுகாப்பும் இருந்தது, போட்டியும் இருந்தது. 2015-இல் அங்கீகரிக்கப்பட்ட மின்கலத் தயாரிப்பாளர்களின் பட்டியல் ஒன்று வெளியானது. தென்கொரிய நிறுவனங்களின் பெயர் அதில் இல்லை; அந்த நான்காண்டு இடைவெளியில் உள்நாட்டு மின்கலத் தொழில் காலூன்றிக் கொண்டது. 2019-இல் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. அதே காலத்தில், முழுக்க வெளிநாட்டு உரிமையுள்ள முதல் கார் ஆலையாக டெஸ்லாவின் ஷாங்காய் ஆலைக்கு அனுமதி தரப்பட்டது. அடித்தளம் போட்ட ஓராண்டுக்குள் அங்கிருந்து கார்கள் வெளிவந்தன. சோம்பிக் கிடக்கும் மீன்களிடையே ஒரு கெளுத்தியை விட்டால் எல்லா மீன்களும் உயிர்ப்புடன் நீந்தும் என்று சீனர்கள் இதைக் குறிப்பிட்டார்கள். தொட்டிலில் வைத்துக் காப்பது, பிறகு தொட்டிலிலிருந்து இறக்கி நடக்கவிடுவது என்ற 'இளந்தொழில் பாதுகாப்பு'க் கோட்பாட்டின் இரண்டாம் பாதியைத்தான் பல நாடுகள் மறந்துவிடுகின்றன. நம் நாட்டின் உரிமம் வழங்கும் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

மின்கலம் செய்தவர் கார் செய்தார்

கொள்கை எவ்வளவு சிறந்ததாயினும் அதைப் பயன்படுத்தத் தொழில்முனைவோர் வேண்டும். பிஒய்டி நிறுவனத்தின் வரலாறு அதற்குச் சான்று. இதன் நிறுவனர் வாங் சுவான்ஃபு, அன்ஹுய் மாநிலத்தின் எளிய வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, அண்ணனின் ஆதரவில் படித்து வேதியியலாளர் ஆனவர். 1995-இல், உறவினர் ஒருவர் தந்த 25 லட்சம் யுவானைக் கொண்டு, இருபது பேருடன் ஷென்ஜென் நகரில் செல்பேசி மின்கலம் தயாரிக்கத் தொடங்கினார்.

அன்று அத்தொழில் ஜப்பானியர் கையில் இருந்தது. அவர்களுடைய தானியங்கி இயந்திரங்களை வாங்க வாங்கிடம் பணம் இல்லை. எனவே, வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எளிய கருவிகளுடன் தொழிலாளர்களின் கைகளாலேயே செய்ய வைத்தார். முதலீடு குறைவு, கூலி மலிவு என்ற சூழலில் இது பொருளியல் பாடநூல் சொல்லும் சரியான தேர்வே. சில ஆண்டுகளில் மோட்டோரோலாவுக்கும் நோக்கியாவுக்கும் மின்கலம் வழங்கும் நிறுவனமாக பிஒய்டி உயர்ந்தது.

2003-இல் நலிந்து கிடந்த ஒரு கார் நிறுவனத்தை வாங் விலைக்கு வாங்கியபோது, முதலீட்டாளர்கள் மிரண்டு பங்குகளை விற்றார்கள். தொடக்கத்தில் வெளிவந்த அவரது பெட்ரோல் கார்கள் ஜப்பானிய கார்களின் நகல் எனப் பழிக்கப்பட்டன. அந்தப் பழியில் உண்மையும் இருந்தது. 2008-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷைர் ஹாத்தவே 23 கோடி டாலருக்கு ஏறத்தாழ பத்து விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அதன்பிறகும் உலகம் நம்பவில்லை. 2011-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் பிஒய்டி பற்றிக் கேட்கப்பட்டபோது டெஸ்லாவின் ஈலோன் மஸ்க் வாய்விட்டுச் சிரித்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பேருந்துகளே அந்நிறுவனத்தைத் தாங்கின. 2017 இறுதிக்குள் ஷென்ஜென் நகரின் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தும் மின்சாரத்துக்கு மாறின. அவற்றில் பெரும்பாலானவை பிஒய்டி தயாரிப்பு. 2020-இல் 'பிளேடு' என்ற பெயரில், நீண்ட தகடு வடிவ மின்கலத்தை அது அறிமுகப்படுத்தியது. 2022 மார்ச்சுடன் பெட்ரோலில் மட்டும் ஓடும் கார்களின் தயாரிப்பை நிறுத்தியது. 2023-இல் 30 லட்சம் வாகனங்கள், 2024-இல் 42.7 லட்சம். 2025-இல், முழு மின்சார கார்களின் ஆண்டு விற்பனையில் டெஸ்லாவையும் முந்திவிட்டது.

மின்கலம், மோட்டார், மின்னணுச் சில்லுகள் எனக் காரின் விலையுயர்ந்த பகுதிகளை வெளியிலிருந்து வாங்காமல் தானே செய்துகொள்வது பிஒய்டியின் தனித்தன்மை. கார்களை ஏற்றிச்செல்லக் கப்பல்களையும் அது வைத்திருக்கிறது. ஊழியர்கள் 9 லட்சத்துக்கும் மேல்; அவர்களுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆய்வுப் பணியில் இருக்கும் பொறியாளர்கள். 'மலிவான உழைப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கிவிட முடியாது.

காரின் இதயம் இடம் மாறியது

பெட்ரோல் காரின் இதயம் என்ஜின் என்றால், மின்சார காரின் இதயம் மின்கலம். விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகும். என் பாடக்குறிப்பின் மூன்று மதில்களில் முதலாவது இங்கேதான் இடிந்தது. என்ஜினில் நூறாண்டு அனுபவம் என்பது மின்சார காருக்குப் பயன்படாத சொத்து.

ஃபூஜியன் மாநிலத்தின் நிங்டே என்ற கடற்கரை ஊரில் 2011-இல் தொடங்கப்பட்ட சிஏடிஎல், இன்று உலகின் கார் மின்கலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழங்குகிறது. பிஒய்டியையும் சேர்த்தால் பாதிக்கு மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை மின்கலத்தில் சீனாவின் ஆதிக்கம் ஏறத்தாழ முழுமையானது. விலையுயர்ந்த கோபால்ட்டும் நிக்கலும் இதற்குத் தேவையில்லை; தீப்பற்றும் அபாயமும் ஒப்பீட்டளவில் குறைவு. இந்த வேதிப்பொருளின் பயன்பாட்டை 1990-களில் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் தலைமையில் ஆய்வு செய்தவர்கள். அதைத் தொழிலாக வளர்க்க முயன்ற ஏ123 சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், அரசு உதவி பெற்றும், 2012-இல் திவாலானது. அதை வாங்கியது ஒரு சீன நிறுவனம். ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் ஒருவர், ஆலையில் பழகிக் கற்றவர் மற்றொருவர் என்பதே இதன் சுருக்கம்.

'பழகிக் கற்பது' என்பது வெறும் சொல்லன்று. உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் ஒரு பொருளின் அடக்கவிலை குறிப்பிட்ட விகிதத்தில் குறைகிறது என்று விமானத் தயாரிப்பை ஆராய்ந்த ரைட் என்ற பொறியாளர் 1936-இலேயே எழுதினார். மின்கலம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2010-இல் ஒரு கிலோவாட்-மணி ஆற்றலைத் தேக்கும் மின்கலத் தொகுப்பின் விலை ஆயிரம் டாலருக்கு மேல். 2024-இல் 115 டாலர். மானியம் வாங்கித் தந்தது இந்த அனுபவத்தைத்தான். மானியத்தைத் திரும்பப் பெறலாம். அனுபவத்தைத் திரும்பப் பெற முடியாது.

மூலப்பொருளிலும் சீனா முந்திக்கொண்டது. லித்தியச் சுரங்கங்கள் ஆஸ்திரேலியாவிலும் சிலியிலும், கோபால்ட் காங்கோவிலும் இருக்கலாம். அவற்றைச் சுத்திகரிக்கும் ஆலைகளில் பெரும்பாலானவை சீனாவில் உள்ளன. மின்கலத்துக்கான கிராஃபைட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்குதான் பதப்படுத்தப்படுகிறது.

மற்ற நிறுவனங்கள்

பிஒய்டி மட்டுமே சீனா அன்று. 2010-இல் ஸ்வீடனின் வோல்வோ கார் நிறுவனத்தை ஃபோர்டிடமிருந்து வாங்கிய ஜீலி, தனியார் நிறுவனம். பிரிட்டனின் பழம்பெயரான எம்ஜியை வைத்திருக்கும் எஸ்ஏஐசி, ஷாங்காய் நகர அரசுக்குச் சொந்தமானது. அதன் கூட்டு நிறுவனமான வூலிங், 2020-இல் 28,800 யுவான் தொடக்க விலையில் ஒரு குட்டி மின்சார காரை வெளியிட்டுச் சிற்றூர்களையும் எட்டியது.

புதியவர்களுள் நியோ, ஷாவ்பெங், லி ஆட்டோ ஆகிய மூன்றும் இணையத் தொழிலில் பணம் ஈட்டியவர்களால் தொடங்கப்பட்டவை. 2020-இல் நியோ மூழ்கவிருந்த நேரத்தில், ஹெஃபெய் நகர அரசு சார்ந்த முதலீட்டாளர்கள் 700 கோடி யுவான் தந்து காப்பாற்றினர். செல்பேசி நிறுவனமான ஷாவ்மி, 2024 மார்ச்சில் தன் முதல் காரை வெளியிட்டது. பத்தாண்டுகள் முயன்ற ஆப்பிள் நிறுவனம் தன் கார் திட்டத்தைக் கைவிட்டது அதற்கு முந்தைய மாதத்தில்தான்.

ஒரு காலத்தில் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் இப்போது கற்றுக்கொள்ள வருகிறார்கள். 2023-இல் ஃபோக்ஸ்வேகன் 70 கோடி டாலர் கொடுத்து ஷாவ்பெங்கில் பங்கு வாங்கியது. ஸ்டெல்லாண்டிஸ் 150 கோடி யூரோவை லீப்மோட்டாரில் முதலீடு செய்தது.

நாணயத்தின் மறுபக்கம்

இதுவரை படித்தவர்கள் நான் சீனாவின் புகழ் பாடுவதாக எண்ணக்கூடும். அப்படியன்று. இந்த வளர்ச்சியின் விலையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ஒவ்வொரு மாநிலமும் நகரமும் தனக்கென ஒரு கார் ஆலை வேண்டும் என்று நிலமும் கடனும் கொடுத்ததன் விளைவு, தேவைக்கு மிஞ்சிய உற்பத்தித் திறன். விற்க முடியாத நிலையில் விலைப்போர் மூண்டது. 2023 தொடக்கத்தில் டெஸ்லா விலையைக் குறைத்தது, மற்றவர்கள் பின்தொடர்ந்தனர். 2025 மே மாதம் பிஒய்டி தன் இருபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளின் விலையை வெட்டியபோது, அதன் 'சீகல்' காரின் விலை 55,800 யுவானுக்கு, அதாவது ஏறத்தாழ ஆறரை லட்சம் ரூபாய்க்கு இறங்கியது. கார் துறைக்குள்ளும் ஒரு 'எவர்கிராண்ட்' இருக்கிறது என்று, திவாலான வீட்டுமனை நிறுவனத்தின் பெயரைச் சொல்லி எச்சரித்தார் கிரேட் வால் நிறுவனத்தின் தலைவர்.

விலையைக் குறைத்தவர்கள் அந்தச் சுமையை எங்கே இறக்கி வைத்தார்கள்? உதிரிபாகம் வழங்கும் சிறு நிறுவனங்களின் தோளில். பொருளைப் பெற்றுக்கொண்டு பல மாதங்கள் கழித்துப் பணம் தருவது வழக்கமாகிவிட்டது. அரசு தலையிட்டபின், 2025 ஜூனில் பதினேழு பெரிய நிறுவனங்கள் 60 நாள்களுக்குள் பணம் தருவதாக உறுதியளித்தன. ஓடாத புதிய காரைப் பதிவு செய்து, 'பயன்படுத்திய கார்' என்று விற்றுக் கணக்கை உயர்த்திக் காட்டும் தந்திரமும் அம்பலமானது. ஆதாயமின்றி ஒருவரையொருவர் அரைத்துக்கொள்ளும் இந்த நிலையைக் குறிக்கச் சீன மொழியில் 'நெய்ஜுவான்' என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

வீழ்ந்தவர்களின் பட்டியலும் நீளமானது. டபிள்யூஎம் மோட்டார் 2023-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஹைஃபை 2024-இல் உற்பத்தியை நிறுத்தியது. நிறுவனம் மூடப்பட்டால் மென்பொருள் சேவையும், உதிரிபாகமும் கிடைக்காமல் நடுத்தெருவில் நிற்பவர் காரை வாங்கியவர். 2024 டிசம்பரில் பிரேசிலில் பிஒய்டி ஆலையின் கட்டுமானப் பணியிலிருந்து, அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையில் இருந்ததாக 163 சீனத் தொழிலாளர்களை அந்நாட்டு அதிகாரிகள் மீட்டனர். அவர்கள் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்கள். சுற்றுச்சூழல் கணக்கும் முழுத் தூய்மையானதன்று. சீனாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது.

கதவடைக்கும் நாடுகள்

சீனாவில் விற்க முடியாதது உலகச் சந்தைக்கு வருகிறது, உலகம் கதவடைக்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்கா சீன மின்சார கார்களுக்கான வரியை 25 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடாக உயர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டு விசாரணைக்குப் பின், அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், ஏற்கெனவே இருந்த 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் வரி விதித்தது: பிஒய்டிக்கு 17, ஜீலிக்கு 18.8, எஸ்ஏஐசிக்கு 35.3 விழுக்காடு. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் இந்த வரியே, மானியம் எல்லோருக்கும் ஒரே அளவில் போகவில்லை என்பதற்கான சான்று. சீனாவில் தயாராகும் டெஸ்லாவுக்கும் 7.8 விழுக்காடு விதிக்கப்பட்டது.

வாக்கெடுப்பில் இந்த வரியை எதிர்த்த நாடுகளுள் ஜெர்மனியும் ஒன்று. தன் கார் நிறுவனங்கள் சீனச் சந்தையை நம்பியிருப்பதால் வந்த தயக்கம் அது. வரிச் சுவரைத் தாண்டச் சீன நிறுவனங்கள் சுவருக்கு உள்ளேயே ஆலை கட்டுகின்றன. தாய்லாந்தின் ரயோங்கில் பிஒய்டி ஆலை 2024-இல் திறக்கப்பட்டது, ஹங்கேரியில் மற்றொன்று. நாற்பதாண்டுகளுக்கு முன் ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்காவில் செய்ததும் இதுவே.

நமக்கு என்ன?

பிஒய்டி சென்னைக்கு அந்நியமான பெயரன்று. 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் அதற்கு ஆலை உண்டு. மின்னணுப் பாகங்களில் தொடங்கி, பின்னர் கார்களை ஒருங்கிணைக்கும் பணியும் அங்கு நடந்தது. ஆனால், எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன்அனுமதி தேவை என்ற 2020-ஆம் ஆண்டு விதியால் அதன் விரிவாக்கம் தடைப்பட்டது. ஹைதராபாத் நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 100 கோடி டாலரில் ஆலை அமைக்க முன்வைத்த திட்டம் 2023-இல் ஏற்கப்படவில்லை. எம்ஜியோ, இந்தியக் கூட்டாளியுடன் இணைந்து தொடர்ந்து விற்கிறது.

எல்லைப் பிரச்னை நிலவும் ஒரு நாட்டின் முதலீட்டில் எச்சரிக்கை தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், காரைத் தடுத்துவிட்டு மின்கலத்தை அங்கிருந்தே வாங்குவது பாதுகாப்பு ஆகாது. 2025 ஏப்ரலில் சில அரிய வகைத் தனிமங்கள், அவற்றாலான காந்தங்கள் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியபோது நம் வாகன ஆலைகள் பதறியதை நினைவில் கொள்ள வேண்டும். மின்கல உற்பத்திக்காக 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதன் முன்னேற்றம் எதிர்பார்த்த வேகத்தில் இல்லை.

என் மாணவரின் கேள்விக்கு வருகிறேன். மானியம் நின்றால் பழையபடி ஆகுமா? ஆகாது. மானியம் ஏற்கெனவே பெருமளவு நின்றுவிட்டது. அதைக் கொண்டு கற்ற கல்வி நிற்கவில்லை. விலைப்போரில் சீன நிறுவனங்கள் பல அழியும். ஆனால், அழியாமல் எஞ்சுபவை இன்று இருப்பவற்றைவிட வலிமையானவையாக இருக்கும். மின்சார காரில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கிராங்க் ஷாஃப்ட் இல்லை. அவற்றைச் செய்பவர்களுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. காலவரம்பற்ற அவகாசம் இல்லை. அதே நேரத்தில் பிரேக், சஸ்பென்ஷன், மோட்டாரின் அலுமினிய உறை, மின்கலப் பெட்டி ஆகியவற்றுக்கு வார்ப்பும் கடைசலும் தெரிந்த கைகள் தேவைப்படும். கோவைக்கு அந்தக் கைகள் உண்டு. புதிய இயந்திரம் வாங்க நியாயமான வட்டியில் கடனும், விற்ற பொருளுக்கு உரிய காலத்தில் பணமும்தான் இல்லை.

அரசு செய்யவேண்டியது எது என்பதற்குச் சீன அனுபவம் தெளிவான குறிப்பு தருகிறது. உதவி கொடுங்கள், அதற்கு நிபந்தனை வையுங்கள், நிபந்தனையை ஆண்டுதோறும் உயர்த்துங்கள், உதவி முடியும் நாளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிறு உதிரிபாக நிறுவனங்களின் பாக்கியைப் பெருநிறுவனங்கள் இழுத்தடிக்கும் தவறை மட்டும் அங்கிருந்து கற்க வேண்டாம். அது நம்மிடம் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர், மோட்டார் உறை வார்ப்புக்கு ஒரு விலைப்புள்ளி கேட்டு வந்திருப்பதாகவும், அதற்கான இயந்திரத்தின் விலை தன் ஓராண்டு வருவாய்க்குச் சமம் என்றும் சொன்னார். வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். நாற்பதாண்டுகள் பொருளியல் கற்பித்தவனுக்குத் துணிவது எளிது. அறுபது குடும்பங்களைத் தாங்குபவருக்கு அப்படியன்று. வாங்குங்கள் என்றுதான் சொன்னேன். அவரைப் போன்ற பல்லாயிரம் பேரின் துணிவில் ஒரு பங்கை ஏற்க அரசும் வங்கிகளும் முன்வர வேண்டும். சீனாவிடமிருந்து நாம் கற்கவேண்டிய முதற்பாடம் அதுவே.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).